தொடாம வெச்ச காப்பி

பத்தவைம்மா, தாராளமாப் பத்தவை. எனக்காக எழுந்து போகாத. நான் இந்தப் பெஞ்சுக்கு வர்றதே அதுக்குத்தான். காத்து இந்தப் பக்கம் அடிச்சா மூக்க நீட்டிக்கிட்டு உக்காந்துருவேன். சிகரெட்டத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. மோந்து பாக்கக் கூடாதுன்னும் சொல்லிருப்பாங்க, அதுக்குள்ள நான் கதவத் தாண்டி வந்துட்டேன். ஆனா ஒண்ணு, அந்த மரத்துப் பக்கமாத் திரும்பி ஊது. நேரா மூஞ்சியில ஊதினா உன் கையிலருந்து பிடுங்கிருவேன், எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல.

அடடே, எனக்கு எதுக்கு காப்பி? சரி, வாங்கிட்ட. இந்தத் திட்டு மேல வை. குடிக்கிறேன், குடிக்கிறேன். நல்ல மணமா இருக்கு, ஏலக்கா தட்டிப் போட்டிருக்கான். கொஞ்சம் ஆறட்டும்.

சிரிச்சா உனக்கு ஒத்தப் புருவம் மட்டும் மேல ஏறுது, தெரியுமா? நல்லாருக்கு. அப்படியே இரு.

யாருக்கா? எங்க வீட்டுக்காரருக்குத்தான். மேல ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல படுத்திருக்காரு. தியாப்னு பேரு. எங்க பெரியவன் பேரு ஃபவ்வாஸ், அதனால ஊரெல்லாம் அவர அபு ஃபவ்வாஸ்ங்கும், என்ன உம்மு ஃபவ்வாஸ்ங்கும். அஜ்லூன் ரூட்ல மினி பஸ் ஓட்டினவரு. இந்த இர்பித் டவுன்ல அவரு ஹாரன் சத்தம் தெரியாத ஆள் கிடையாது. ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல பாதி நாள் மேல இருக்காரு, மீதிப் பாதி வீட்டுல உக்காந்து தண்ணிய எனக்கு அளந்து குடுக்குறாளேன்னு என்னத் திட்டுறாரு.

ஐயோ, அதுக்கு ஏன் மூஞ்ச அப்படி வெச்சுக்குற? நான் சிரிச்சுக்கிட்டுத்தானே சொல்றேன். எனக்கு இன்னிக்கு காலையிலருந்தே சிரிப்பா வருது. பல்லு விளக்கும்போது சிரிச்சேன், வர்ற வழியில டாக்ஸிக்காரன் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாக்குறான்.

கேளு, ஒரு கதை சொல்றேன். உனக்கு நேரம் இருக்குல்ல? இருக்கு, இருக்கு. உள்ள போறவ மாதிரித் தெரியல, வெளிய போறவ மாதிரியும் தெரியல. உக்காரு.

கல்யாணம் ஆன புதுசுல அவருதான் எனக்கு சிகரெட் பழக்கிவிட்டாரு. எங்க மாமியா அந்தக் காலத்து மனுஷி. மருமக வாயில புகை வந்தா வீடே இடிஞ்சு விழும். அதனால மொட்டமாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காருவோம். ஒரு சிகரெட்ட மொதப் பாதி அவரு, அடுத்த பாதி நானு. என் பாதியிலதான் காரம் ஜாஸ்தி. சூடா, நாக்கு எரியும். நான் ஒண்ணும் சொன்னதில்ல. புருஷன் குடுத்தா எரியிறதும் இனிக்கிற வயசு அது.

ஒருநாள் சாயங்காலம் நாங்க இந்தத் தொட்டிக்குப் பின்னால. அடுத்த வீட்டுத் தொட்டி இருக்கே, அதுக்குப் பின்னாலருந்தும் புகை வருது. தீ கீ புடிச்சிருச்சோன்னு இவரு ஓடிப்போய் எட்டிப் பாக்குறாரு. அங்க யாரு? எங்க மாமியா! கால நீட்டி உக்காந்து, கண்ண மூடி, மூக்கு வழியா விடுது பாரு, ரயில் எஞ்சின் தோத்துச்சு. கண்ணத் தொறந்து எங்களப் பாத்துச்சு. அப்புறம் அது சொல்லுது, கீழ போய் மாமனாருக்கு டீ போடு, நான் வர்றேன்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த வீட்டுல சிகரெட்டப் பத்தி யாரும் வாயத் தொறக்கல.

சிரி, சிரி. சத்தமாச் சிரி. இந்த ஆஸ்பத்திரித் தோட்டத்துல சிரிச்சா யாரும் பிடிச்சுக்கிட்டுப் போகமாட்டாங்க.

காப்பியா? குடிக்கிறேம்மா. அது எங்க ஓடிப்போகப் போகுது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். இவருக்குக் கிட்னி போச்சுன்னதும் எனக்கும் எல்லாம் எடுத்துப் பாத்தாங்க. ரத்தம், மூத்திரம், ஸ்கேன், எல்லாம். எனக்கு என்ன பயம் தெரியுமா? ஒரே சிகரெட் பாக்கெட்டு, ஒரே தட்டுல மன்ஸஃபு கறிச்சோறு, ஒரே உப்பு. அவருக்குப் போச்சுன்னா எனக்கும்தானே போயிருக்கும்? முடிவு வந்துச்சு. டாக்டர் லுஜைன் இருக்காங்கல்ல, ஒல்லியா, பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு? ஆமா, அவங்கதான், உனக்கும் தெரியுமா? சரி, சரி. அவங்க சொல்றாங்க, அத்தை, உங்க கிட்னி ரெண்டும் சின்னப் பொண்ணு கிட்னி மாதிரி இருக்குன்னு.

எனக்கு நம்ப முடியல. எப்படி டாக்டர், சிகரெட்ட ரெண்டாப் பிரிச்சுத்தான் குடிச்சோம், அதுலயும் காரமான பாதி எனக்குத்தான் வந்துச்சுன்னு கேட்டேன். அவங்க சிரிக்காமச் சொன்னாங்க. எலிங்கள வெச்சுப் பாத்திருக்காங்களாம். ஆண் எலி, பெண் எலி, ரெண்டுக்கும் ஒரே புகை. ஆனா ரெண்டோட கிட்னியும் ஒரே மாதிரி நடந்துக்கலையாம். மனுஷங்கள்லயும் சில ஆராய்ச்சியில ஆம்பளைங்களுக்கு அடி பலமாத் தெரியுதாம். பொம்பள உடம்புல ஊறுற சுரப்பு ஒண்ணு குடை மாதிரி கொஞ்சம் மறைக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்காம்.

நான் அதோட எழுந்துட்டேன்! மிச்சம் யாரு கேக்குறா? நடைவழி முழுக்கக் கத்திக்கிட்டே ஓடினேன், ஓய் தியாப், ஓய் தியாப், உன் கிட்னியவிட என் கிட்னி கெட்டின்னு! நர்ஸுங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க. அவரு மெஷின்ல கையக் குடுத்துட்டுப் படுத்திருக்காரு, ஓடவும் முடியல, ஒளியவும் முடியல. கேக்குறாரு, என்னடி இது, சிகரெட்டுக்குக் கூடவா ஆம்பள பொம்பள தெரியும்னு. நான் எலிக் கதையச் சொன்னேன். அதுக்குக் கேட்டாரு பாரு ஒரு கேள்வி. அந்த ஆண் எலிக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா? ஆயிருந்தா அதுக்குக் கிட்னி போனது புகையால இல்லன்னு போய் உன் டாக்டர்கிட்டச் சொல்லுங்குறாரு!

பக்கத்துச் சேர்ல இருந்த மனுஷன் சிரிச்ச சிரிப்புல அவரு மெஷின் கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு.

ஆனா டாக்டர் விடல. பின்னாலயே வந்தாங்க. அத்தை, நான் சொன்னதுல பாதிதான் கேட்டீங்க, மீதியையும் கேளுங்கன்னாங்க. வேற சில ஆராய்ச்சியில அந்த வித்தியாசமே தெரியலையாம். இன்னும் யாரும் உறுதியாச் சொல்ல முடியாதாம். அப்புறம் இவருக்குக் கிட்னி போனது புகையால மட்டும் இல்லயாம். பிரஷர் தோண்டின குழிய புகை அகலமாக்கிருச்சாம். அதோட, குடைன்னு சொன்னேனே, மாதவிலக்கு நின்ன பிறகு அதையும் நம்ப முடியாது, உங்க குடை மடங்கி வருஷமாச்சு, தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம், இன்னிலருந்து ஒரு இழுப்புகூட இழுக்கக் கூடாதுன்னுட்டாங்க.

அன்னிக்கே விட்டேன். ஏன்னு கேளு. நல்ல புத்தி வந்து இல்ல. என் கிட்னி ஒண்ணு வேலைக்கு ஆகும்னு தெரிஞ்சிருச்சு, அதான். பெரியவனுக்கு சக்கரை வியாதி ஆரம்பிச்சிருச்சு. மக மாசமா இருக்கா. நாந்தான் மிச்சம். ஆனா என் ரத்தம் அவருக்கு ஒத்துவரல. இத்தன வருஷம் ஒத்துவராததுதானே, ரத்தம் மட்டும் எப்படி ஒத்துவரும்னு அவரு சொன்னாரு. நான் அன்னிக்கு மட்டும் சிரிக்கல.

அப்பதான் டாக்டர் ஒரு வழி சொன்னாங்க. இங்க இன்னொரு மனுஷன் இருக்காரு, அவருக்குக் குடுக்க அவரு தங்கச்சி ஒத்துக்கிட்டிருக்கா, ஆனா அவ ரத்தம் அண்ணனுக்குச் சேரல. உங்களுது அவருக்குச் சேருது, அந்தப் பொண்ணோடது உங்க வீட்டுக்காரருக்குச் சேருது. குறுக்கால மாத்திக் குடுத்தா ரெண்டு பேரும் பொழைப்பாங்கன்னு.

ஏன் இருமுற? மெதுவா. சாம்பல் மடியில விழுது பாரு, தட்டிவிடு.

எங்க போற? உக்காரும்மா. வேடிக்கையே இனிமேதான் இருக்கு.

இவரு முடியாதுன்னுட்டாரு! ஊரான் வீட்டுப் பொண்ணோட கிட்னி எனக்கு எதுக்குங்குறாரு. அத வெச்சுக்கிட்டா கல்யாண வீட்டுல பாட்டுப் போட்டா எனக்கு அழுகை வருமா, ஜவுளிக் கடையில நின்னு பேரம் பேசுவேனா, பஸ்ஸ எப்படி ஓட்டுவேன்னு ஒரே பேச்சு. நான் சொன்னேன், யோவ், எலியக் கேளு, பொம்பளையோடதுதான் நல்ல சரக்கு, குடுத்துவெச்சவன் நீன்னு. கேக்கல. கெஞ்சினேன், கேக்கல. பேசாம இருந்தேன், அது அவருக்கு நிம்மதியாப் போச்சு.

அப்பதான் எனக்கு யோசனை வந்துச்சு. ஜாஹா அனுப்பிட்டா என்ன?

நீயும் இந்த ஊருதானே, உனக்குத் தெரியாததா. பொண்ணு கேக்க, ரெண்டு குடும்பம் வெட்டிக்கிட்டா ராசியாக்க, பெரிய மனுஷங்க கூட்டமாப் போவாங்க. வீட்டுக்காரன் காப்பி குடுப்பான். தலைவர் கப்ப வாங்கித் தொடாமக் கீழ வெச்சுருவாரு. கேட்டது கெடைக்காம குடிக்கமாட்டோம்னு அர்த்தம். காப்பி குடிக்காம ஜாஹா எழுந்து போச்சுன்னா அந்த வீட்டுக்கு அதவிட அவமானம் இல்ல. சரின்னா வீட்டுக்காரன் வாயத் தொறந்து சொல்லணும், காப்பியக் குடிங்க, கேட்டது கெடைச்சாச்சுன்னு. கிட்னிக்கு எவனாச்சும் ஜாஹா அனுப்பிருக்கானா? நான் அனுப்பினேன். சொந்த வீட்டுக்கு, சொந்தப் புருஷன்கிட்ட!

எங்க அண்ணன் வந்தாரு, பள்ளிவாசல் இமாம் வந்தாரு, இவரோட பஸ் ஓட்டினவனுங்க ஒரு படையே வந்துச்சு. தலைவர் ஹாஜி முஃப்லிஹ். வெண்கலக் குரல். தெருவுல பாதிக் கல்யாணம் அவரு பேசி முடிச்சது. நானே காப்பி போட்டுக் குடுத்துவிட்டுட்டு கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். ஹாஜி கப்பக் கீழ வெச்சாரு, தொண்டையக் கனைச்சாரு, ஆண்டவனத் துதிச்சாரு. அப்புறம், உங்க வீட்டு உத்தமியான பொண்ணோட கையக் கேட்டு வந்திருக்கோம்னு ஆரம்பிச்சுட்டாரு, பழக்கம்! எங்க அண்ணன் மெதுவா, கை இல்ல ஹாஜி, கிட்னிங்குறாரு. ஹாஜி திரும்பி, யாரு கேக்குறா, யாரு குடுக்குறான்னு கேக்குறாரு. அதுக்கு இமாம் விளக்கம் சொல்றாரு. மூணு தடவை சொல்லியும் குறுக்கால மாத்துறது ஹாஜிக்குப் புரியல. கடைசில, சரி, யாரோ ஒருத்தர் பொழைக்கிறாரு, அதுக்காக நான் குடிக்கமாட்டேன்னு கையக் கட்டி உக்காந்துட்டாரு.

இதுல இன்னொண்ணு செஞ்சேன் பாரு. வீட்டுல இருந்த சாம்பல் கிண்ணம் பூராவும் எடுத்து ஒளிச்சுட்டேன். கிட்னி நோயாளி வீடு, யாரும் புகைக்கக் கூடாதுன்னு வாசல்லயே சொல்லிட்டேன். யோசிச்சுப் பாரு! டிரைவர் பசங்க எல்லாம். காப்பி முன்னால ஆறுது, குடிக்க முடியாது. பாக்கெட்டுல சிகரெட்டு, பத்தவைக்க முடியாது. ஒருத்தன் காலாட்டுறான். ஒருத்தன் நகத்தக் கடிக்கிறான். அபு ரஜாயின்னு ஒருத்தன், எழுந்து நின்னு, ஏ தியாப், ஒண்ணு கிட்னிய வாங்கிக்க, இல்லன்னா என்னைக் கொன்னுருங்குறான்!

அப்பவும் இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் சிரிச்சு ஓஞ்ச பிறகு மெதுவாச் சொன்னாரு. எனக்கு அறுக்குறதப் பத்தி பயமில்ல. நல்லாருக்குற இவள அறுக்கணும். அதோட, யாரோ பெத்த பொண்ணு, அதையும் அறுக்கணும். அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மூத்திரம் போவேன்?

நான் கதவுக்குப் பின்னாலருந்து கத்தினேன், இருக்குற மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போ!

அவ்வளவுதான். கூரை பறந்துச்சு. ஹாஜி கண்ணுல தண்ணி. இவரும் சிரிச்சுட்டாரு. சிரிச்சுக்கிட்டே அழுதாரு, எது எதுன்னு தெரியல. குடிச்சுத் தொலைங்கய்யா, கேட்டது கெடைச்சாச்சு, வெளிய போய் எல்லாரும் ஊதித் தள்ளுங்கன்னாரு. ஆறிப்போன காப்பிய ஒரே மடக்குல குடிச்சுட்டு ஓடினானுங்க பாரு, செருப்பு மாறிப்போச்சு.

இல்லம்மா, எனக்கு ஜன்னி இல்ல. பயந்தா எனக்கு இப்படித்தான் சிரிப்பு வரும். பிரசவ வலியில சிரிச்சிருக்கேன். கத்தியின்னாலே எனக்கு பயம், கோழி அறுக்குறதக்கூடப் பாக்கமாட்டேன். ஆனா நான் கையெழுத்துப் போட்டாச்சு. அவரு போட்டாச்சு. என் கிட்னி யாருக்குப் போகுதோ அந்தப் பக்கத்துச் சேர் மனுஷன், அதான், இவரு ஜோக்குக்குச் சிரிச்சு மெஷினக் கத்தவெச்சாரே, அவரும் போட்டாச்சு.

நல்ல மனுஷன் அவரு. பேரு ஹாயில். கணக்கு வாத்தியாரு. சின்ன வயசுல தங்கச்சிய சைக்கிள் கம்பியில உக்காரவெச்சுக் கூட்டிட்டுப் போவாராம், இறக்கத்துல பிரேக்கப் புடிக்காதன்னு அவ கத்துவாளாம். இப்ப அவ ஜர்க்காவுல இருக்கா. டெஸ்டுக்கெல்லாம் வந்தா, எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துக்கு மட்டும் வரல. போனையும் எடுக்கல. ஏன் திரும்பக் கூப்பிடலன்னு நான் அவரக் கேட்டேன். வேணாம் உம்மு ஃபவ்வாஸ், அவளுக்கு பயம்னா பயமாவே இருக்கட்டும், நான் தள்ளிவிடமாட்டேன்னாரு. சொல்லும்போது அவருக்கு ஒத்தப் புருவம் மட்டும் மேல ஏறுச்சு.

ஆமாம்மா. அதே மாதிரிதான். ஹாயில் மீசைய எடுத்துட்டு முக்காடு போட்டுவிட்டா அது நீதான். உன்ன இந்தப் பெஞ்சுல பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு, ரிஹாப்.

அழாத. திட்டவா வந்தேன்? நான் சத்தியமா புகைய மோந்து பாக்கத்தான் வந்தேன், நீ உக்காந்திருந்த. சிகரெட்ட விட முடியலன்னுதானே வெக்கம்? கெட்டுப்போன பொருளக் குடுத்துருவோமோன்னு பயம்? நேத்து வரைக்கும் ஊதினேன்னு அந்தக் கண்ணாடிக்காரி டாக்டர்கிட்ட நேராச் சொல்லு. திட்டுவாங்க, திரும்ப டெஸ்ட் எடுப்பாங்க, தேதியத் தள்ளிவைப்பாங்க. காத்திருப்போம். எலி சொல்லுச்சுன்னு இன்னொண்ணு பத்தவெச்சுராத, எலிய நம்பி நான் ஆடின ஆட்டமே போதும். முடியவே முடியாதுன்னா அதையும் அவங்ககிட்டத்தான் சொல்லு. ஒத்துவரலன்னு மட்டும்தான் உங்க அண்ணன்கிட்டச் சொல்வாங்க, ஏன்னு யாருக்கும் தெரியாது. நானும் வாயத் தொறக்கமாட்டேன். உம்மேல எனக்குக் கோபமே வராது. அவருக்குத் தண்ணிய அளந்து குடுத்துக்கிட்டு இருப்பேன், அவரு திட்டிக்கிட்டு இருப்பாரு.

அதான் சொல்றேன், யோசி. நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, ஏன் காப்பியக் குடிக்கலன்னு? பொம்பளைங்க ஜாஹாவுல போறது வழக்கமில்ல. என்ன பண்ண, ஹாஜிக்கு இன்னொரு தடவ விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. நான் ஒருத்தியே ஜாஹாவா உக்காந்துட்டேன்.

என்ன, கப்ப எம்பக்கம் தள்ளுற? அப்படியெல்லாம் செல்லாதும்மா. வாயத் தொறந்து சொல்லணும்.

கேக்கல, இன்னும் கொஞ்சம் சத்தமா.

ஆங்.

யா அல்லா, ஜில்லுன்னு ஆயிருச்சு. சக்கரையும் போடல அந்தப் பாவி. அடியில மண்டி வேற. இரு, இரு, சொட்டு விடாமக் குடிச்சிட்டு வர்றேன். நீ அந்த பாக்கெட்ட அங்கயே வெச்சுட்டு முன்னால நட.